தேர்தலும் தெளிதலும்: 'வெரிஃபை' என்னும் வினைச்சொல் குறித்து ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தில் 'வெரிஃபை' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு செய்தியோ ஆவணமோ கணக்கோ மெய்தானா என்று பார்த்தறிவதை அது குறிக்கும். 'கன்ஃபர்ம்' என்பது வேறொரு வினை. முன்னரே சொல்லப்பட்ட, அல்லது ஓரளவு நம்பப்பட்ட ஒன்றுக்கு மேலும் வலுவூட்டுவதை அது குறிக்கும். இவ்விரண்டையும் இன்றைய தமிழ் உரைநடை பெரும்பாலும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறது. அச்சொல் 'உறுதிப்படுத்துதல்'. 'செய்தியை உறுதிப்படுத்திய பின்னரே பிறருக்குப் பகிருங்கள்' என்று அறிவுரை கூறுகிறோம். 'அச்செய்தியை அமைச்சர் உறுதிப்படுத்தினார்' என்றும் எழுதுகிறோம். முதல் வாக்கியத்தில் உறுதிப்படுத்த வேண்டியவர் செய்தியைக் கேட்டவர். உண்மை இன்னதென்று அவருக்கு இன்னும் தெரியாது. இரண்டாம் வாக்கியத்தில் உறுதிப்படுத்துபவர் உண்மையை அறிந்து பேசுகின்றவர். தேடுகின்றவரின் செயலும் அறிந்தவரின் செயலும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

இது மொழிபெயர்ப்பாளரின் சில்லறைச் சிக்கல்தானே என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 'உறுதிப்படுத்து' என்பது பிறவினை. உறுதியாக இல்லாத ஒன்றை உறுதியாக்கு என்பதே அதன் பொருள். ஒரு செய்தியை உறுதிப்படுத்துமாறு ஒருவரிடம் சொன்னால், அது உறுதியாவதே அச்செயலின் முடிவு என்று சொல்லே முன்கூட்டித் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. தேடிப் பார்த்தபின் அது பொய்யென்று தெரியவரும் வாய்ப்புக்கு அச்சொல்லில் இடமில்லை. கேட்பவரின் மனமும் அறியாமலே அவ்வழியில் திரும்பிவிடுகிறது. இக்கட்டுரை அந்தத் திருப்பத்தைப் பற்றியது.

ஆங்கில வினைகளின் குடும்பம்

முதலில் ஆங்கிலத்தையே நோக்குவோம். 'வெரிஃபை' என்பது மெய் எனப் பொருள்படும் 'வேருஸ்' என்னும் இலத்தீன் சொல்லையும் செய்தலைக் குறிக்கும் வினையையும் அடியாகக் கொண்டது. 'கன்ஃபர்ம்' என்பதன் அடி 'ஃபிர்முஸ்'. அது திண்மையைக் குறிக்கும். 'அட்டெஸ்ட்' என்பதில் சாட்சி எனப் பொருள்படும் 'டெஸ்டிஸ்' இருக்கிறது. 'கொரோபரேட்' என்பதில் வலிமையைக் குறிக்கும் 'ரோபுர்' இருக்கிறது. கருவாலி மரத்துக்கும் அதுவே பெயர். வேர்ப்பொருள் இன்றைய வழக்கை ஆளுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் மெய், திண்மை, சாட்சி, வலிமை என்னும் நான்கும் நான்கு வேறு கருத்துகள். ஆங்கிலம் அவற்றுக்கு நான்கு வினைகளை வைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றுள் 'வெரிஃபை' தன்னளவில் இரு கட்டங்களைக் கொண்டது. பார்த்தல் ஒன்று, மெய்யெனக் காணுதல் மற்றொன்று. ஆங்கிலேயரின் வழக்கிலும் சில வேளை முதற்கட்டம் தேய்ந்து இரண்டாம் கட்டமே எஞ்சுவதுண்டு. ட்விட்டர் தளத்தில் 2009 முதல் பெயர் பெற்றோரின் கணக்குகளுக்கு வழங்கப்பட்ட நீலக்குறி, இக்கணக்கு இன்னாருடையதே என்று தேடிப் பார்த்தாயிற்று எனப் பொருள்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய குறிகள் நீக்கப்பட்டு, சந்தா செலுத்துவோர்க்கு உரியதாக அக்குறி மாறியது. குறி அதேதான். அதன் பின்னால் நின்ற வினை மாறிவிட்டது.

இவ்வினையை நுட்பமாக ஆண்ட ஓரிடம் நம் நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆறாம் கட்டளையின் 15ஆம் விதி, வழக்குரையின் அடியில் அதைத் தாக்கல் செய்பவர் மெய்மை கூறிக் கையொப்பமிட வேண்டும் என்கிறது. அம்மட்டோடு அது நிற்கவில்லை. எந்தெந்தப் பத்திகள் தாமே நேரில் அறிந்தவை, எவை பிறர் சொல்லக் கேட்டு மெய்யென நம்பியவை என்று பத்தி எண் குறித்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் விதிக்கிறது. நேரில் அறிந்தது வேறு, செவிவழி வந்தது வேறு என்னும் இப்பாகுபாடு அரபுக் கல்லூரியில் ஹதீஸ் கலை பயின்ற எவருக்கும் பழக்கமானதே.

இறைமறையின் சொல்

திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயம் ஆறாம் வசனம், ஒழுக்கக்கேடர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் செய்ய வேண்டியது என்ன என்று இறைநம்பிக்கையாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. அங்கு வரும் ஏவல் வினை 'ஃபதபய்யனூ'. 1930இல் வெளிவந்த தம் ஆங்கிலப் பெயர்ப்பில் மர்மடியூக் பிக்தால் இதற்கு 'வெரிஃபை' என்னும் சொல்லை ஆண்டார். அப்துல்லா யூசுஃப் அலீ உண்மையை நிச்சயித்து அறிதல் என்னும் பொருள்படப் பெயர்த்தார். 1955இல் ஆர்பெரி தெளிவாக்குதல் என்னும் பொருள்பட எழுதினார். மூவருள் எவரும் 'கன்ஃபர்ம்' என்னும் சொல்லைத் தொடவில்லை. அதே சமயம், முந்தைய வேதங்களை 'முஸத்திக்' ஆக, அதாவது மெய்ப்படுத்துவதாக, இம்மறை வந்தது என்னும் இடங்களில் பிக்தாலும் யூசுஃப் அலீயும் 'கன்ஃபர்ம்' என்பதையே ஆண்டனர். அறிந்தவன் உரைக்கும் இடத்துக்கு ஒரு சொல். அறியாதவர் தேட வேண்டிய இடத்துக்கு வேறு சொல். மொழிபெயர்ப்பு ஒழுக்கம் என்பது இதுவே.

'தபய்யுன்' என்னும் இவ்வினை 'தஃபஉல்' வாய்பாட்டில் அமைந்தது. செயலின் பயன் செய்பவரிடமே திரும்பி நிற்பதை அவ்வாய்பாடு பெரும்பாலும் உணர்த்தும். ஆகவே இங்கு தெளிவு பெற வேண்டியது கேட்பவரின் உள்ளம். செய்திக்கு வலுவூட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை.

இதே வசனத்தை ஹம்ஸா, கிஸாஈ, கலஃப் ஆகிய கிராஅத் இமாம்கள் 'ஃபதஸப்பத்தூ' என்று ஓதினர். 'தஸப்புத்' என்பது நிலைகொள்ளுதல், அவசரப்படாது நிற்றல். நாலாம் அத்தியாயம் 94ஆம் வசனத்தில் இருமுறை வரும் இதே வினையிலும் அவர்களின் ஓதல் அவ்வாறே. புள்ளியில்லாத பழைய எழுத்துருவில் இரண்டு சொற்களும் ஒரே வடிவின. ஆக, ஓரெழுத்துருவுக்குள் இரு கட்டளைகள் அடங்கியுள்ளன: தெளிவைத் தேடு, தெளிவு வரும்வரை நில். 'வெரிஃபை' என்னும் ஆங்கில வினையில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. பிக்தாலின் சொற்றேர்வு சரியானதே எனினும் அது பாதியையே தாங்குகிறது.

நம் தமிழ்ப் பெயர்ப்புகளில் இவ்விடத்தில் 'தீர விசாரித்தல்' என்றும் 'தெளிவுபடுத்திக்கொள்ளல்' என்றும் வழங்குவதைக் காண்கிறோம். இரண்டும் நல்ல சொற்களே. 'தீர' என்னும் அடை, பாதியில் நின்றுவிடாதே என்று எச்சரிக்கிறது. 'கொள்' என்னும் துணைவினை, அரபு வாய்பாடு உணர்த்தும் தன்பாற்படுதலை அப்படியே ஏந்தி நிற்கிறது. ஆயினும் மேடையிலும் துண்டுப் பிரசுரத்திலும் இவ்வசனத்தின் கருத்தைச் சுருக்கிச் சொல்லும்போது 'செய்தியை உறுதிப்படுத்துங்கள்' என்று வந்துவிடுகிறது. பெயர்ப்பாளர் காத்த நுட்பத்தைச் சுருக்கிச் சொல்பவர் இழந்துவிடுகிறார்.

இவ்வசனம் இறங்கிய சூழலாகப் பல தஃப்ஸீர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட வலீத் பின் உக்பா, பாதி வழியிலேயே திரும்பிவந்து அவர்கள் தர மறுத்தனர் என்று சொன்னதாக அது அமையும். அந்நிகழ்ச்சியைச் சொல்லும் அறிவிப்பாளர் தொடர்களைப் பற்றியே அறிஞர்களிடையே ஆய்வு உண்டு. தேடிப் பாருங்கள் என்று சொல்லும் வசனத்தின் சூழலையும் தேடிப் பார்த்தே ஏற்றனர் என்பது அவர்களின் நேர்மைக்குச் சான்று.

இறைமறையில் இக்கருத்தோடு சேர்த்து எண்ணத்தக்க இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொண்டுவந்ததாக ஹுத்ஹுத் பறவை கூறியபோது, நீ மெய் சொன்னாயா பொய் சொன்னாயா என்று பார்ப்போம் என்னும் கருத்தில் ஸுலைமான் (அலை) அவர்கள் மறுமொழி கூறியதாக 27ஆம் அத்தியாயம் உரைக்கிறது. செய்தி சொல்பவரே 'உறுதி' என்று கூறினாலும் கேட்பவரின் கடமை தீர்ந்துவிடவில்லை. இறந்தவர்களை நீ உயிர்ப்பிப்பதை எனக்குக் காட்டு என்று வேண்டிய இப்ராஹீம் (அலை) அவர்களோ, நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. உள்ளம் அமைதியுறவே கேட்கிறேன் என்றார்கள் (2:260). முன்னதில் மெய்யும் பொய்யும் இரண்டும் திறந்திருக்கின்றன. பின்னதில் நம்பிக்கை முன்பே முழுமையாக இருக்கிறது. முன்னதை 'உறுதிப்படுத்துதல்' என்றால் ஹுத்ஹுதை முன்கூட்டியே நம்பிவிட்டதாகும். பின்னதைச் 'சோதித்தல்' என்றால் இப்ராஹீம் நபியின் நம்பிக்கைக்கே ஊறு நேரும். சொல் பிறழ்ந்தால் பொருள் எவ்வளவு தூரம் பிறழும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

ஹதீஸ் கலையின் பாகுபாடு

இந்த வேறுபாட்டைக் கலைச்சொற்களாகவே வகுத்துத் தந்தவர்கள் ஹதீஸ் கலை வல்லுநர்கள். ஓர் அறிவிப்பாளர் தனித்து அறிவிப்பதாகத் தோன்றும் ஹதீஸுக்கு வேறு வழிகள் உண்டா என்று நூல்களில் தேடிச் செல்லும் பணிக்கு 'இஃதிபார்' என்று பெயர். அத்தேடலில் துணை அறிவிப்புக் கிடைத்தால் அது 'முதாபஅத்' அல்லது 'ஷாஹித்' எனப்படும். முன்னது தேடல், பின்னவை தேடலில் கிடைக்கும் வலு. ஆங்கிலத்தில் சொல்வதானால் முன்னது 'வெரிஃபை' என்பதன் பாற்படும். பின்னவை 'கொரோபரேட்' என்பதன் பாற்படும்.

இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) தம் நூலில் மூன்றையும் ஒருங்கே வைத்து 'இஃதிபார், முதாபஆத், ஷவாஹித் ஆகியவற்றை அறிதல்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு ஹஜர் அஸ்கலானீ (இறப்பு 1449) இத்தலைப்பின்மேல் ஒரு திருத்தம் சொன்னார். மூன்றும் ஒரே தரத்துப் பிரிவுகள் போலும் என்னும் மயக்கத்தை இத்தலைப்பு உண்டாக்கக்கூடும். இஃதிபார் என்பது மற்ற இரண்டையும் சென்றடையும் முறையே ஆகும் என்பது அவர் கருத்து. 'நுக்பா'வின் விரிவுரையைப் பாடமாகக் கேட்கும் மாணவர் பலர் இந்த ஒரு வரியை விரைந்து கடந்துவிடுவர். ஆனால் நாம் இன்று தமிழில் எழுப்பும் வினாவும் அதுவே: தேடும் முறையையும் தேடிக் கிடைத்த பயனையும் ஒரு பெயரால் அழைக்கலாமா? கூடாது என்று ஒரு பேரறிஞர் 15ஆம் நூற்றாண்டிலேயே விடை சொல்லியிருக்கிறார். இஃதிபாரின் முடிவில் எத்துணையும் கிடைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போதும் இஃதிபார் நிறைவேறியதே. முதாபஅத் மட்டுமே இல்லை.

தேடிப் பார்ப்பதை அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. 'என் சொல்லை நம்பவில்லையா?' என்னும் மனத்தாங்கல் நம் ஊர்களில் பெரிதும் கேட்பது. உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி இதற்கு விடையளிக்கிறது. மும்முறை அனுமதி கேட்டும் விடை கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்னும் நபிமொழியை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவித்தபோது, உமர் (ரலி) அதற்குச் சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி கூறினார்கள். அபூமூஸாவைத் தாம் ஐயுறவில்லை என்று உமர் (ரலி) தெளிவுபடுத்தியதாகவும் அறிவிப்பு உண்டு. ஐயமும் ஆராய்ச்சியும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

தமிழின் கையிருப்பு

இப்பாகுபாட்டுக்குத் தமிழில் சொல் இல்லையோ என்று எண்ணுவோர்க்குத் திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தைச் சுட்டுவோம். அதன் பெயர் 'தெரிந்து தெளிதல்'. பெயரிலேயே வரிசை இருக்கிறது: ஆராய்தல் முன், நம்புதல் பின். அவ்வதிகாரத்தின் 510ஆம் குறள், ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்று இரு பக்கமும் எல்லை கட்டுகிறது. அங்கு ஆராய்தலுக்கு ஆளப்படும் வினை 'தேர்'. நம்புதலுக்குரிய வினை 'தெளி'. 'வெரிஃபை' என்பதற்கு நாம் தேடும் சொல் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடன் நம் வீட்டிலேயே இருக்கிறது.

'உறுதி'யின் வரலாறு வேறு. பழந்தமிழில் அது நன்மை, பயன் என்னும் பொருளையும் தாங்கியது. அறம், பொருள், இன்பம், வீடு ஆகியவற்றை 'உறுதிப்பொருள்' என்றது அதனாலேயே. திண்மை என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆராய்ச்சி என்னும் பொருளோ அதற்கு இல்லை. சென்ற நூற்றாண்டின் செய்தித்தாள்கள் 'ஊர்ஜிதமாகாத செய்தி' என்று எழுதிவந்தன. வலுப்பெற்றது எனப் பொருள்படும் வடசொல் அது. தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபின் அவ்விடத்தில் 'உறுதி' வந்தமர்ந்தது. வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்ததே தவிர, தேடலுக்கும் வலுவுக்கும் இடையிலான குழப்பம் அப்படியே தங்கிவிட்டது.

அலுவலகத் தமிழ் கண்டுபிடித்த 'சரிபார்ப்பு' இதைவிட நேர்மையான சொல். 'சான்றிதழ் சரிபார்ப்பு' என்னும்போது மூலத்தையும் படியையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவது புலப்படுகிறது. நம் முன்னோர் கையெழுத்துப் படிகளை மூலத்துடன் ஒப்புநோக்கி, எதுவரை நோக்கினோம் என்று ஓரத்தில் 'பலக' என்று குறியிட்ட 'முகாபலா' முறைக்கு இச்சொல் மிகப் பொருந்தும். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடுதோறும் ஒலித்த சொல்லும் இதுவே. ஆனால் தாளுக்கு எதிரே மற்றொரு தாள் இருக்கும் இடத்தில்தான் 'சரிபார்' செல்லும். எதிரே ஒப்பிட மூலம் இல்லாத ஒரு வதந்தியை எதனோடு சரிபார்ப்பது? அங்குத் 'தேர்ந்து பார்த்தல்' வேண்டும். 'தீர விசாரித்தல்' வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்

இக்கருத்தைச் செயல்முறையாகக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. அவ்வூரின் பிராமண சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன.

முதற்படி தகுதியைத் தேர்தல். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் ஆகார். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகார். இப்பட்டியலில் 'நல்லவர் என்று ஊர் சொல்லும் சொல்' ஏற்கப்படவில்லை. பார்த்தறியத்தக்க அடையாளங்கள் கேட்கப்பட்டன.

அடுத்தது ஓலை எடுத்தல். முப்பது குடும்புகளின் ஓலைக் கட்டுகளும் இட்ட குடத்தை நம்பிமாருள் மூத்தவர் அனைவரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் படித்த பெயரை உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

இதில் இரு வினைகளும் தனித்தனியே நிற்பதைக் காண்க. விரல் விரித்த உள்ளங்கையும் உள்ளிருப்பதை அறியாத சிறுவனும் வஞ்சகம் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள். நம்பிமார் எல்லோரும் ஓலையைத் தாமே படிப்பது தேர்தல். மத்தியஸ்தன் தவறாகப் படித்திருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பெயரை ஏற்றல் என்பது இறுதியில் வரும் உறுதி. ஏற்ற பின் படித்தார்கள் என்றோ, ஒருவர் படித்ததைப் பிறர் ஆமோதித்தார்கள் என்றோ கல்வெட்டு சொல்லவில்லை. அந்தச் சபை பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் கதவடைத்த சபை என்பதை மறந்து அதை மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றிவிட நாம் அணியமாக இல்லை. ஆயினும் அறிவதற்கும் ஏற்பதற்கும் இடையே அது விட்ட இடைவெளி போற்றத்தக்கது. தெரிந்தெடுப்பதற்கு இன்று நாம் வழங்கும் 'தேர்தல்' என்னும் சொல்லுக்குள் ஆராய்தல் என்னும் பொருள் இன்றும் உறங்கிக்கொண்டிருக்கிறது.

சொல் பிழைத்தால்

சொல்லின் குழப்பம் உயிரையும் வாங்கக்கூடும் என்பதற்கு நம் மாவட்டத்துக்கு அண்டையிலேயே ஒரு சான்று நிகழ்ந்தது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாக வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவிய நாள்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த மூதாட்டி ஒருவர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் செய்தது சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தது. வதந்தியைக் கேட்டிருந்தவர்களுக்கு அம்மிட்டாயே கேட்ட செய்திக்குச் சான்றாகிவிட்டது. அவர்கள் எதையும் 'உறுதிப்படுத்தாமல்' நடந்துகொண்டார்கள் என்று சொல்வதைவிட, அவசரமாக உறுதிப்படுத்திக்கொண்டார்கள் என்பதே பொருத்தம். கேட்டதற்குப் பொருந்துவது எதுவோ அதை மட்டும் கண்டார்கள். நீங்கள் யார், எந்த ஊருக்குச் செல்கிறீர்கள் என்று கேட்டு, விடை வரும்வரை நிற்பதே தேர்தல். ஒரு கூட்டத்தாருக்கு அறியாமல் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் ஆகிவிடாதிருக்கவே தெளிவைத் தேடுமாறு 49ஆம் அத்தியாயத்து வசனம் ஏவுகிறது. அவ்வசனம் கூறும் காரணம் அச்சாலையில் அப்படியே நடந்தேறியது.

உளவியலார் இம்மனப்போக்கை ஆய்ந்திருக்கின்றனர். 1960இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இரண்டு, நான்கு, ஆறு என்னும் எண்களைத் தந்து, அவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டுபிடிக்குமாறு சிலரைக் கேட்டார். வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று அவர்கள் அவரிடமே கேட்டறியலாம். பலரும் தம் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிப் பார்த்தனர். ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்கவில்லை. விதியோ மிக எளியது: ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடப் பெரிதாயிருந்தால் போதும். உறுதி தேடுபவர் மெய்யைத் தவறவிடும் வகை இது.

அந்நிகழ்ச்சியை அடுத்து, நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நேர்ந்தபின், 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் கைமாறி வந்த செய்திகளின்மேல் 'ஃபார்வர்டு' என்னும் குறியை இட்டது. இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு தடுத்தது. ஹதீஸ் மாணவர் இக்குறியின் பொருளை உடனே அறிவார். இச்செய்தி அனுப்பியவருடையதன்று, முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது. அறிவிப்பாளர் தொடரே இல்லாத ஒன்றுக்கு, கைமாறியது என்னும் அடையாளம் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்னும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்ததன் நோக்கம் இன்று நமக்குப் புதிதாய் விளங்குகிறது.

பிறை விவகாரமும் இங்கு எண்ணத்தக்கது. ஷஃபான், ரமளான் மாதங்களின் 29ஆம் நாள் மாலையில் 'பிறை உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு செய்தி சிற்றூர்ப் பள்ளிவாசல்களுக்கு வந்துசேரும். செய்யப்பாட்டு வினை, எழுவாய் இல்லை. கண்டவர் யார்? எத்தனை பேர்? சாட்சியைக் கேட்டு ஏற்றவர் யார்? மேகமூட்டமான நாளில் ரமளானுக்கு நேர்மையாளர் ஒருவரும் பெருநாளுக்கு இருவரும் வேண்டும் என்று ஹனஃபீ ஃபிக்ஹு எண்ணிக்கையோடு பேசும் இடத்தில், நம் செய்தித்தமிழ் எழுவாயையே விழுங்கிவிடுகிறது. 'இன்ன ஊரில் இருவர் கண்டனர். காஜி சாட்சியம் கேட்டு ஏற்றார்' என்று எழுத அதிகமாய்ச் சில சொற்களே தேவை. அச்சொற்களில் தேர்தலும் தெளிதலும் இரண்டும் இருக்கும்.

வளைகுடா வேலைக்குச் செல்வோர் நன்கறிந்த 'அட்டெஸ்டேஷன்' இன்னொரு பாடம். இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்த ஹேக் உடன்படிக்கையின்படி தரப்படும் 'அப்போஸ்டில்' சான்று, கையொப்பமும் முத்திரையும் உரியவருடையவையே என்று மட்டுமே கூறும்; ஆவணத்தின் உள்ளடக்கம் மெய்யென்று அது சொல்வதில்லை. அதனை 'ஆவணம் உறுதிப்படுத்தப்பட்டது' என்று தமிழில் சொல்லும்போது, கூறாத ஒன்றைக் கூறியதாக்குகிறோம். 'சான்றொப்பம்' என்னும் நல்ல சொல் இருக்க, இக்குழப்பம் எதற்கு? தன் ஆவணத்துக்குத் தானே ஒப்பமிடும் முறை 2014இல் மத்திய அரசு அலுவலகங்களில் ஊக்குவிக்கப்பட்டது. மக்களின் அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. ஆயினும் தனக்காகத் தானே கூறுவதை ஃபிக்ஹு நூல்கள் சாட்சியம் என்று அழைப்பதில்லை. பிறருக்காகப் பிறர்மீது கூறுவது 'ஷஹாதத்'. தனக்காகப் பிறர்மீது கூறுவது 'தஃவா'. பிறருக்காகத் தன்மீது கூறுவது 'இக்ரார்'. செயல் ஒன்றாகத் தோன்றினும் அதன் திசையைக் கொண்டு பெயரிட்ட அந்நுட்பம் நம் மொழிநடைக்கும் வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

வழக்கே மொழியின் தலைவன். மக்கள் 'உறுதிப்படுத்து' என்று வழங்குவதைப் புலவர் தடுக்க இயலுமா என்று கேட்கலாம். தடுக்க இயலாது என்பது மெய்யே. 'உறுதிப்படுத்து' என்பதை அகற்றவும் நாம் சொல்லவில்லை. அமைச்சர் தம் பயணத்தை உறுதிப்படுத்தட்டும். மருத்துவர் நோயை உறுதி செய்யட்டும். அங்கெல்லாம் அறிந்தவர் பேசுகிறார். அறியாதவரைத் தேடச் சொல்லும் இடத்தில் மட்டும் அச்சொல்லை நிறுத்திவைப்போம். 'செய்தி மெய்யா என்று தேர்ந்து பாருங்கள்' என்றோ 'தீர விசாரியுங்கள்' என்றோ சொல்வோம். 'மெய்யா' என்பதிலுள்ள அந்த வினா ஆகாரம், பொய்யாகவும் இருக்கலாம் என்னும் கதவைத் திறந்துவைக்கிறது. 'உறுதிப்படுத்து' அடைத்துவிடும் கதவு அது.

எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் நாம் முன்வைப்பது இம்மூன்று கேள்விகளே. இவ்வினையைச் செய்பவர் அறிந்தவரா, தேடுபவரா? அவர் சொல்வது நேரில் அறிந்ததா, கேட்டு நம்பியதா? தேடலின் முடிவு வேறாகவும் அமையலாம் என்பதற்கு நம் சொல்லில் இடம் உண்டா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் எச்சொல்லை ஆளினும் பெரும்பாலும் பிழை நேராது. அவ்விடை தெரியும்வரை நிற்பதும் 'தஸப்புத்' என்பதன் பாற்பட்டதே. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.